பசியாறிய பிறகு: ஜொகூரில் எடையும் ஏற்றத்தாழ்வும்

மலேசியத் தமிழர்கள் காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் கேட்பது, "பசியாறியாச்சா?" காலை உணவுக்கே இங்கு 'பசியாறல்' என்றுதான் பெயர். இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்பு ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் அந்தக் கேள்வியை உயிரோடு ஒட்டிய விசாரிப்பாகவே கேட்டிருப்பார்கள். கித்தா மரக் காட்டுக்குள் விடியுமுன் நுழைகிறவருக்கு வயிற்றில் ஏதாவது இருக்கிறதா என்பது அன்றைய உழைப்பையும் கூலியையும் தீர்மானித்தது. மெலிந்து வந்தவரைப் பார்த்து "உடம்பு இளைச்சிட்டியே" என்று வருந்துவதும், சற்றுச் சதை பிடித்த பிள்ளையைத் தூக்கி மகிழ்வதும் அந்தக் காலத்தின் பழக்கங்கள். எடை நலத்தின் அடையாளம் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது. அன்றைக்கு அது தவறான நம்பிக்கையும் அல்ல.

இன்று அதே மாநிலத்தில், அதே குடும்பங்களில், எடையின் பொருள் மாறிவிட்டது. மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுகளின்படி 1996-இல் வயதுவந்தோரில் 4.4 விழுக்காட்டினரே உடல் பருமன் உள்ளவர்கள். 2006-இல் அது 14 விழுக்காடு, 2019-இல் 19.7, 2023-இல் 21.8. கூடுதல் எடை கொண்டவர்களையும் சேர்த்தால் 2023-இல் 54.4 விழுக்காடு. இருவரில் ஒருவருக்கு மேல் இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டார்கள்.

இந்த எண்களைப் படிப்பவர்களில் பலர் "நாடு வளமாகிவிட்டது, மக்கள் அதிகம் உண்கிறார்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த முடிவு பாதி உண்மை. யாருடைய எடை, எந்தக் காலத்தில், எதனால் ஏறியது என்று கேட்டால்தான் மீதிப் பாதி தெரியும். வறுமை குறைந்தபோதும் ஏழையின் உடல் மீதான சுமை குறையவில்லை என்பதும், அது வடிவம் மட்டும் மாற்றிக்கொண்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கூலிக்குள் அளந்து வைத்த உணவு

பிரிட்டிஷ் மலாயாவில் தமிழ்த் தொழிலாளியின் உணவுக்கு ஓர் அரசாங்கக் கணக்கு இருந்தது. 1920-களில் தொழிலாளர் சட்டம் தந்த அதிகாரத்தின் கீழ் இந்தியக் குடியேற்றக் குழு, ஒரு தொழிலாளியின் மாதச் செலவைப் பட்டியலிட்டு அதன்மேல் 'நிலைக்கூலி'யை நிர்ணயித்தது. அரிசி, பருப்பு, உப்பு, புளி, கருவாடு, துணி எல்லாம் அந்தப் பட்டியலில் அளவோடு நின்றன. 1927-இல் எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சென், பெண்ணுக்கு 40 சென். 1930-இல் உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை வீழ்ந்ததும் அது 40 சென்னாகவும் 32 சென்னாகவும் இறங்கியது. லண்டன் சந்தையில் ரப்பர் விலை விழுந்தபோது ரெங்கத்திலும் குளுவாங்கிலும் லாபிஸிலும் சோற்றுப் பானையின் மட்டமும் இறங்கியது.

பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பதைக் கடந்து போய்விடக் கூடாது. அவளும் விடியலில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்றாள், ரப்பர்ப் பாலுக்காக மரம் வெட்டினாள், பால் சுமந்தாள், லயம் என்ற வரிசை வீட்டுக்குத் திரும்பிச் சமைத்தாள். பிள்ளை சுமந்ததும் பாலூட்டியதும் அந்த உடலே. உழைப்பு கூடுதல், கூலி குறைவு, வீட்டில் கடைசியில் உண்பவளும் அவள். இந்தக் கணக்கின் விளைவைப் பின்னர் பார்ப்போம்.

அந்தக் காலத் தோட்டத்தில் எடை ஒரு படிநிலை. மேலே துரை, அடுத்து கிராணி, பிறகு கங்காணி, கடைக்காரர், கடைசியில் வெட்டுக்காரர். கீழே போகப் போக உடல் மெலிந்தது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் உண்டதையும் உறிஞ்சின. தொப்பை என்பது உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு வாய்த்த சலுகை.

ஆனாலும் அந்த எளிய உணவில் ஒரு காப்பு இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானவரைக் கொன்றது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார்: தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை நோய் தாக்கியது, புழுங்கல் அரிசி உண்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். 1900-இல் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் 1907-இல் தொடங்கிய சோதனையில் அதை உறுதி செய்தார்கள். நெல்லை அவித்துக் குத்தும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது. தஞ்சையிலிருந்தும் சேலத்திலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த ஒரு வழக்கம் அவர்களைக் காத்தது. ஏழையின் உணவும் அறிவுள்ள உணவாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று மலாயா வரலாற்றில் குறைவு.

ஏழைப் பக்கம் சாய்ந்த தராசு

செல்வத்துக்கும் எடைக்கும் உள்ள உறவை உலக அளவில் முதலில் தொகுத்தவர்கள் சோபல், ஸ்டங்கார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள். 1989-இல் 144 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து அவர்கள் கண்டது: வளரும் நாடுகளில் செல்வர் எடை கூடியவர், வளர்ந்த நாடுகளில், குறிப்பாகப் பெண்களிடையே, ஏழைகளே எடை கூடியவர்கள். அப்படியானால் ஒரு நாடு வளரும்போது எப்போதோ தராசு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய வேண்டும். பிரேசிலின் கார்லோஸ் மொன்டெய்ரோவும் அவருடைய குழுவினரும் 2004-இல் 37 வளரும் நாடுகளின் பெண்களை ஒப்பிட்டு அந்தப் புள்ளியைத் தேடினார்கள். தலைக்கு ஏறத்தாழ 2,500 அமெரிக்க டாலர் தேசிய வருமானத்தை ஒரு நாடு தாண்டும்போது, பெண்களிடையே உடல் பருமனின் சுமை ஏழைகள் பக்கம் நகரத் தொடங்குகிறது என்றார்கள். மலேசியா அந்த எல்லையை 1990-களின் தொடக்கத்திலேயே கடந்துவிட்டது.

தமிழ்நாட்டை அருகில் வைத்துப் பார்த்தால் இந்த நகர்வின் முந்தைய கட்டம் தெரியும். இந்தியத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2015-16-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் கூடுதல் எடை அல்லது பருமன் உள்ளவர்கள். 2019-21-இல் அது 40.4. ஆனால் இந்தியா முழுவதையும் எடுத்தால் 18.7 விழுக்காடு பெண்கள் இன்னும் மிக மெலிந்தவர்கள், எடை கூடியவர்களில் செல்வர்களே முன்னிற்கிறார்கள். மலேசியாவில் செல்வருக்கும் ஏழைக்கும் இடையிலான அந்தப் படிக்கட்டு ஏறத்தாழத் தட்டையாகிவிட்டது. எல்லா வருமானப் பிரிவிலும் பருமன் பரவியிருக்கிறது. பெண்களிடையே கல்வி குறையக் குறைய எடை கூடுகிறது. 2019-இல் மலேசியப் பெண்களில் 24.7 விழுக்காட்டினர் பருமன் உள்ளவர்கள், ஆண்களில் 15.3.

இங்கே அளவுகோல் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. ஏற்றத்தாழ்வை அளக்க ஆய்வாளர்கள் 'குவிவுக் குறியெண்' என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். மக்களை மிக ஏழையிலிருந்து மிகச் செல்வர் வரை வரிசையாக நிறுத்தி, பருமன் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். செல்வர் பக்கம் குவிந்தால் எண் நேர்மம், ஏழைகள் பக்கம் குவிந்தால் எதிர்மம், சமமாகப் பரவினால் பூச்சியம். மலேசியாவில் இன்று அந்த எண் பூச்சியத்தை ஒட்டி நிற்கும் என்றால் அதைச் சமத்துவம் என்று எண்ணிவிடலாகாது. செல்வரைப் பிடித்த நோய் ஏழையையும் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். அந்த நோயைத் தாங்கும் வலு மட்டும் இன்னும் ஒரு பக்கமே இருக்கிறது.

அரசாங்கக் கிளினிக்கில் மலேசியக் குடிமகனுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். உலகில் இவ்வளவு மலிவான மருத்துவம் அரிது, அதற்கு இந்த நாட்டைப் பாராட்ட வேண்டும். ஆனால் நாள்கூலிக்காரர் அந்த ஒரு ரிங்கிட்டுக்காகத் தயங்குவதில்லை. வரிசையில் காத்திருக்கும் அரை நாள் வேலைதான் அவருக்குச் செலவு. அதனால் இரத்தச் சர்க்கரை பார்க்கும் நாள் தள்ளிப்போகிறது. காலில் புண் ஆறாமல் போன பிறகுதான் பலர் தமக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பதை அறிகிறார்கள். ஒரே எடை கொண்ட இருவரில் ஒருவர் மாத்திரையோடு எழுபது வயது வரை வாழ்கிறார், மற்றவர் ஐம்பதில் நடையை இழக்கிறார்.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

தராசு எப்படிச் சாய்ந்தது என்பதை ஜொகூரின் நிலத்தைப் பார்த்தே படிக்கலாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைத் தோட்டங்களில் பல பின்னர் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. 1977-இல் பாசீர் கூடாங்கில் துறைமுகம் திறந்தது. 2006-இல் இஸ்கண்டார் வளர்ச்சி மண்டலம் அறிவிக்கப்பட்டது. நாட்டின் நகர்ப்புற மக்கள்தொகை 1980-இல் 34.2 விழுக்காடு, 2020-இல் 75.1. ஒரு மனித ஆயுளின் பாதிக்குள் நிகழ்ந்த மாற்றம் இது. உலு திராம், மாசாய், ஸ்கூடாய், கூலாய் பகுதிகளின் தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, தாத்தா பாட்டி காலத்தில் ஏதாவது ஒரு தோட்டத்தின் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் பெயர் இருந்தவை.

தோட்டத்தை விட்டது விடுதலை, அதில் ஐயம் வேண்டாம். லயத்தின் ஒற்றை அறையும் கூலியின் அவமானமும் மீண்டும் வர வேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார். ஆனால் தோட்டத்தை விட்டு வந்தபோது கூலி தராத சில செல்வங்களும் கைவிட்டுப் போயின. லயத்துக்குப் பின்னால் முருங்கை நின்றது, கீரைப் பாத்தி இருந்தது, கொத்தவரையும் வெண்டையும் காய்த்தன, சிலர் மாடும் ஆடும் கோழியும் வளர்த்தார்கள். குறைந்த விலை அடுக்குமாடியில் அதற்கு மண்ணே இல்லை. கீரை கடையில் வாங்கும் பொருளானது. கடையில் மிக மலிவாகக் கிடைப்பவை மாவு, சீனி, எண்ணெய்.

அவற்றின் மலிவு தற்செயலானது அல்ல. மானிய விலையில் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலம் 2 ரிங்கிட் 50 சென். சீனி நெடுங்காலம் அரசு மானியத்தோடு விற்கப்பட்டது. 2013 அக்டோபரில் மானியம் நீங்கிய பின்பும் சாதாரணச் சீனி விலைக் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. ஏழைக்கு உதவும் நல்லெண்ணத்தில் பிறந்த கொள்கைகள் இவை. பஞ்சத்தை நினைவில் வைத்திருந்த தலைமுறை வகுத்தவை. வயிறு நிரம்ப வேண்டும் என்பதே அன்றைய இலக்கு. கீரைக்கும் பழத்துக்கும் மீனுக்கும் அப்படியொரு கை நீளவில்லை. ஆகவே ஏழை வீட்டின் தட்டில் கொழுப்பும் சீனியும் நிலைத்தன, புரதமும் நாரும் ஏறி இறங்கின.

உணவைப் போலவே நேரமும் மாறியது. மரம் வெட்டுபவர் மதியத்துக்குள் வேலை முடிப்பார். உழைப்பு கடுமை, ஆனால் மாலை அவருடையது. தொழிற்சாலையில் பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட், ஓவர்டைம். தொழிற்சாலைப் பேருந்தில் போக ஒரு மணி, வர ஒரு மணி. சிங்கப்பூர் போகிறவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் பாலத்து வரிசையில் நிற்கிறார்கள், வீடு திரும்பும்போது இரவாகிவிடுகிறது. நடுவில் உண்பது ரொட்டி சானாய், நாசி லெமாக், மீ கோரிங், டின் பால் ஊற்றி ஆற்றிய தே தாரே. இவர்களைப் பார்த்து 'நடையுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள்' என்று அறிவுரை சொல்வது எளிது. எந்த மணி நேரத்தில் என்று சொல்பவர்கள் இல்லை. முன்பு உழைப்பே உடலைச் செலவழித்தது, இப்போது அசையாமல் நின்றபடி செய்யும் வேலை உடலைக் களைப்பாக்குகிறது, எடையைக் குறைப்பதில்லை.

பாட்டியின் பசி, பேத்தியின் எடை

மலேசிய இந்தியர்களின் எண்கள் தனியே நிற்கின்றன. 2019 ஆய்வில் 63.9 விழுக்காடு இந்தியர்கள் கூடுதல் எடை அல்லது பருமன் உள்ளவர்கள், எல்லா இனங்களிலும் அதிகம். நீரிழிவு நாட்டு அளவில் 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4. இதற்கு 'நம் சாப்பாடு அப்படி, நம் பரம்பரை அப்படி' என்று பொதுவாகக் காரணம் சொல்லப்படுகிறது. பரம்பரை உண்மை. ஆனால் அது இரத்தத்தோடு சேர்ந்து வரலாற்றையும் சுமந்து வருகிறது.

புனேவைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் பல ஆண்டுகள் கிராமத்துத் தாய்மார்களையும் குழந்தைகளையும் ஆராய்ந்தார். இந்தியக் குழந்தைகள் பிறக்கும்போதே எடை குறைந்தும், அதே நேரம் கொழுப்பு விகிதம் கூடியும் இருப்பதைக் கண்டார். 2004-இல் அவரும் ஓர் ஆங்கிலேய மருத்துவரும் லான்செட் இதழில் தங்கள் இருவர் உடலையே சான்றாக வைத்தார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியெண்) ஒன்றே, 22.3. ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியர் உடலில் 21.2. தராசு இருவரையும் ஒன்றாகக் காட்டியது, ஆனால் உள்ளே இருவரும் வேறு. இதனால்தான் அதே 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசிய மக்களுக்கு 25-க்குப் பதில் 23 என்ற எண்ணிலேயே கவனம் தொடங்க வேண்டும் என்றது.

இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் முன்வைத்த கருத்து இதன் அடியில் இருக்கிறது. கருவிலிருக்கும்போது குறைவாக ஊட்டம் பெற்ற உடல், குறைவிலேயே வாழப் பழகிக்கொள்கிறது. பிறகு உணவு பெருகும்போது அந்த உடலுக்கு அதைக் கையாளத் தெரிவதில்லை. 32 சென் கூலியில் மரம் வெட்டிய பெண்ணை இப்போது நினைத்துப் பார்க்கலாம். அவள் மகள் குறைந்த எடையோடு பிறந்திருப்பாள், பேத்தி மலிவான சீனியும் எண்ணெயும் நிறைந்த தாமானில் வளர்ந்திருப்பாள். பாட்டியின் பசியும் பேத்தியின் இனிப்புநீரும் ஒரே கதையின் இரு அத்தியாயங்களாக இருக்கக்கூடும். ஆகவே நம் சமூகத்தின் நீரிழிவை வெறும் நாக்கின் குற்றமாகப் பேசுவது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி.

சராசரி மறைப்பதையும் பார்க்க வேண்டும். 'இந்தியர்' என்று ஒரே கூடையில் போட்டு எண்ணும்போது வழக்கறிஞரும் குப்பை லாரி ஓட்டுநரும் ஒரே எண்ணாகிறார்கள். மலேசியாவில் பருமன் ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த டன், டான், நைகா ஆகிய ஆய்வாளர்கள் சராசரியோடு நிற்காமல், எடைப் பரவலின் ஒவ்வொரு படியிலும் இனமும் பாலினமும் எப்படி வேறுபடுகின்றன என்று பிரித்துப் பார்த்தார்கள். அத்தகைய பகுப்பை மாநிலம், தொழில், வீட்டு வகை என்றெல்லாம் நீட்டினால்தான் ஜொகூரின் உண்மைப் படம் கிடைக்கும்.

ஏழை வீடுகளில் இன்னொரு முரணும் நிகழ்கிறது. தாயின் எடை கூடுதல், பிள்ளையின் உயரம் குறைவு. மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் 2015-இல் 17.7 விழுக்காடு, 2019-இல் 21.8. எடை ஏறிய அதே ஆண்டுகளில் குழந்தைகளின் உயரம் பின்தங்கியது. யுனிசெப் கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா குறைந்த விலை அடுக்குமாடிகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படியும் அங்கே 22 விழுக்காடு சிறு குழந்தைகள் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். ஒரே அடுப்பில் சமைத்த உணவு ஒருவருக்கு மிகையாகவும் இன்னொருவருக்குக் குறையாகவும் முடிகிறது. கலோரி நிறைந்திருக்கிறது, சத்து இல்லை.

எதை அளப்பது

வழி இல்லாமல் இல்லை. மலேசிய அரசு 2019 ஜூலை 1 முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது, பின்னர் அதை உயர்த்தியது. நல்ல தொடக்கம், ஆனால் கடைக் குவளையில் ஆற்றித் தரும் தே தாரேவை அந்த வரி தொடுவதில்லை. 1979-இல் தொடங்கிய கூடுதல் உணவுத் திட்டம் ஏழை மாணவர்களுக்குப் பள்ளியில் காலை உணவு தருகிறது. பல தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் பசியாறல் அதுவே. அந்தத் தட்டில் முட்டையும் மீனும் காயும் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது எந்த விழிப்புணர்வுப் பிரசாரத்தையும்விட வலியது. எண்ணெய்க்கு நீண்ட மானியக் கை முட்டைக்கும் பருப்புக்கும் கீரைக்கும் நீள வேண்டும். கிளினிக்குகள் ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்காக இரவிலும் திறந்திருக்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்கான நேரத்துக்கு முதலாளி கூலி தர வேண்டும். ஒரு வேலையின் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடிந்தால் ஓவர்டைம் குறையும், ஓவர்டைம் குறைந்தால் அடுப்பு எரியும்.

ஜொகூரோடு குடும்ப வேர் கொண்ட பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ், வறுமையை அளக்க ஓர் எளிய வழி சொன்னார். வீட்டில் எத்தனை சாரோங் இருக்கிறது என்று எண்ணி, வீட்டு ஆட்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள் என்றார். 'சாரோங் குறியெண்' என்று அதற்குப் பெயர். சிக்கலான வருமானக் கணக்கு எட்டாத இடத்தில் மனிதரின் அன்றாடத்தைத் தொட்டது அது. இன்றைய தாமானில் சாரோங்குக்குப் பஞ்சமில்லை. இன்று அளக்க வேண்டியது வேறு: ஒரு வீட்டில் உள்ளவர்களால் வாரத்தில் எத்தனை நாள் வீட்டில் சமைத்த உணவை ஒன்றாக உட்கார்ந்து உண்ண முடிகிறது? கிளினிக் போக ஒருவர் எத்தனை மணிக் கூலியை இழக்கிறார்? நடந்து போகும் தூரத்தில் ஒரு கட்டுக் கீரை கிடைக்கிறதா? தராசும் அளவு நாடாவும் சொல்வதைவிட இந்த மூன்று கேள்விகளும் ஏற்றத்தாழ்வைத் தெளிவாகச் சொல்லும்.

கூலிப் பட்டியலில் அரிசியையும் கருவாட்டையும் அளந்து எழுதிய அரசு ஒன்று இந்த மண்ணில் இருந்தது. அது தொழிலாளியின் உடலை உழைப்புக்குத் தேவையான அளவே கணக்கிட்டது. விடுதலை பெற்ற நாட்டின் அரசு அதே உடலை வாழ்வதற்குத் தேவையான அளவில் கணக்கிட வேண்டும். ஒரு கட்டுக் கீரையின் விலையும் ஒரு மாலை நேரமும் அந்தக் கணக்கில் முதல் வரிகளாக எழுதப்பட வேண்டும்.